பருத்தித்துறையில இருந்து ஸ்காபரோ: அம்மாவுக்கு எந்த வழி சுகம்?

வடமராட்சிப்பிள்ளை | ஏப்ரல் 27

எல்லாருக்கும் வணக்கம். அம்மா முதல் தரம் கனடா வரப்போறா, ரொறன்ரோவில ஸ்காபரோவுக்கு. 72 வயசு, பருத்தித்துறையில தனிய இருக்கிறா. சூப்பர் விசா (பெற்றோர் கன காலம் வந்து நிக்கக் கனடா குடுக்கிற விசா) வந்திட்டுது. யூன் நடுவில கூப்பிட நினைச்சிருக்கிறன்.

அவ இதுவரைக்கும் பிளேன் ஏறினதில்லை. ஆகத் தூரமாப் போனது கதிர்காமம். முழங்கால் ரெண்டும் தேய்வு, சலரோகமும் இருக்கு, இரவு 9 மணிக்கு இன்சுலின் போடுறவ. இங்கிலீசு விளங்காது.

இன்ரநெற்றில கொழும்பு–ரொறன்ரோ எண்டு தேடினால் ஒரு இடத்தில 14,000 கிலோமீற்றர், இன்னொரு இடத்தில 14,400 எண்டு கிடக்கு. நேரம் 16 மணித்தியாலம் எண்டும் இருக்கு, 19 எண்டும் இருக்கு. ரிக்கற் போடுற ஒருத்தர் 23 எண்டார், மற்றவர் 31 எண்டார். டுபாய், டோகா, லண்டன், இஸ்தான்புல் எண்டு நாலு வழி சொல்லினம். எது கிட்டின வழி? யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தால சென்னை போய் அங்கையிருந்து வந்தால், கொழும்பு விமானம் ஏறுற கட்டுநாயக்கா வரைக்கும் வான் வாகனத்தில அலைய வேண்டாம் எண்டும் ஒரு ஆள் சொன்னார்.

அம்மா ரெலிபோனில கேக்கிறது ஒண்டே ஒண்டுதான்: “எத்தினை மணித்தியாலம் பிள்ளை ஒரே இடத்தில இருக்கோணும்?” அதுக்கு மறுமொழி சொல்லத் தெரியாமல் நிக்கிறன். தெரிஞ்ச ஆக்கள் ஒருக்காச் சொல்லுங்கோ.

தென்மராட்சி மாஸ்ரர் | ஏப்ரல் 27

பிள்ளை, நான் முப்பது வருஷத்துக்குக் கிட்டப் புவியியல் படிப்பிச்சனான், சாவகச்சேரிப் பக்கம். இப்ப 11 வருஷமா மகளோட ரொறன்ரோவுக்குப் பக்கத்தில மார்க்கம் எண்ட நகரத்தில இருக்கிறன். இந்தப் பாதையால ஏழு தரம் போய் வந்திருக்கிறன். அதில ஒருக்கா மனிசிக்கு இடுப்பில சத்திரசிகிச்சை முடிஞ்ச அடுத்த வருஷம். அதால கொஞ்சம் விரிவா எழுதுறன்.

முதல் அந்த 14,000. அது பிழையில்லை. கட்டுநாயக்காவில இருந்து ரொறன்ரோப் பியர்சன் விமான நிலையத்துக்கு உலக உருண்டைக்கு மேலால நூல் இழுத்தால் வாற ஆகக் குறுகின தூரம் அது. வீட்டில பிள்ளையளின்ரை உருண்டை இருந்தால் நூலை ரெண்டு ஊரிலயும் பிடிச்சு இறுக்கிப் பாருங்கோ. மகாராஷ்டிரத்துக்கு மேலால ஏறி, ஆப்கானிஸ்தான், கசகஸ்தான் கடந்து, ரஷ்யாவின்ரை ஆர்க்காங்கெல்ஸ்க் பக்கம் போய், 72 பாகை வடக்கு வரைக்கும் ஏறும். பிறகு கிறீன்லாந்துப் பனிக்கு மேலாலயும் கியூபெக்குக்கு உள்ளாலயும் இறங்கி வரும். எங்கடை நாடு கிழக்கு 80 பாகையில கிடக்கு, ரொறன்ரோ மேற்கு 79½ பாகையில. கிட்டத்தட்ட உருண்டையின்ரை மற்றப் பக்கம். அங்கை போக உச்சியால போறதுதான் கிட்ட.

சுவரில தொங்குற தட்டைப் படத்தில அடிமட்டம் வைச்சுக் கீறினால் கோடு சகாராப் பாலைவனத்துக்கு மேலால போகும். அந்தக் கோட்டு வழிய பறந்தால் 16,000 கி.மீ. தாண்டிவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளையளிட்டை ஒவ்வொரு வருஷமும் நூலைக் குடுத்து இழுக்கச் சொல்லுவன். நூல் வடக்கால வளைஞ்சு போறதைக் கண்டவுடன அதுகளின்ரை முகம் மாறும். அந்த முகங்களை இப்பவும் மறக்கேல்லை.

ஆனால் அந்த நூல் வழிய நேரடி விமானம் ஒண்டும் இல்லை. அவ்வளவு தூரம் ஒரே மூச்சில போற விமானம் உலகத்தில இருக்கு. சிங்கப்பூரில இருந்து நியூயோர்க்குக்கு 15,300 கி.மீ., 18 மணித்தியாலத்துக்கு மேல. கொழும்புக்கு அப்பிடி ஒண்டு வரேல்லை, அதால நடுவில எங்கையாவது இறங்கத்தான் வேணும். நீங்கள் கண்ட 16 மணித்தியாலம், இல்லாத அந்த நேரடி விமானத்துக்குப் போட்ட கணக்கு. 14,000-த்தை 900 கி.மீ. வேகத்தால பிரிச்சுப் பாருங்கோ, விளங்கும்.

இனி நீங்கள் கேட்ட நாலு வழி. நேற்றிரவு இருந்து கணக்குப் பாத்தனான். டுபாயால வந்தால் 3,290-உம் 11,080-உம், மொத்தம் 14,370. டோகாவால 3,610-உம் 10,880-உம், மொத்தம் 14,490. லண்டனால 8,710-உம் 5,710-உம், 14,420. இஸ்தான்புல்லால 6,300-உம் 8,170-உம், 14,470. பாத்தீங்களோ பிள்ளை? ஆகக் கிட்டினதுக்கும் ஆகத் தூரத்துக்கும் நடுவில 120 கி.மீ. யாழ்ப்பாணத்தில இருந்து வவுனியா போற தூரம் கூட இல்லை. விமானத்துக்கு அது எட்டு நிமிஷம். நாலு ஊரும் அந்த நூலை விட்டு விலகிக் கிடந்தாலும், இவ்வளவு நீண்ட வழியில மொத்தத் தூரம் பெரிசாக் கூடாததால இப்பிடி வருது. ஆனபடியால் எது கிட்ட எண்டு தேடுறதை விட்டிடுங்கோ. எங்கை உடைக்கிறது எண்டதை மட்டும் யோசியுங்கோ.

டுபாயால வந்தால் முதல் துண்டு நாலே முக்கால் மணித்தியாலம் வரும், ரெண்டாவது 14. டோகாவும் ஏறக்குறைய அப்பிடித்தான். லண்டனால 11-உம் 8-உம். இஸ்தான்புல்லால 9-உம் பத்தரை பதினொண்டும். முழங்கால் வருத்தம் உள்ள ஆளுக்கு ஒரே இருப்பில 14 மணித்தியாலம் எண்டது லேசில்லை. மனிசியோட வரேக்க பத்தாவது மணித்தியாலத்தில அவ என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவ. அடுத்த முறை இஸ்தான்புல்லால கூட்டிக்கொண்டு வந்தன். ரெண்டு துண்டும் கிட்டத்தட்டச் சமன். நடுவில இறங்கி நீட்டி நிமிர்ந்து, ஒரு தேத்தண்ணி குடிச்சு ஏறினவ. அதுக்குப் பிறகு நான் ஆர் கேட்டாலும் அதைத்தான் சொல்லுறது.

லண்டன் வழியில ஒரு சிக்கல். என்ரை மச்சாள் வந்தது மத்தியானம் கட்டுநாயக்காவில வெளிக்கிட்டு இரவு லண்டனில இறங்கிற விமானத்தில. ரொறன்ரோ விமானம் அடுத்த நாள்தான். இரவு முழுக்கக் கதிரையில இருந்தவ. எங்கடை பாஸ்போட்காரருக்கு அங்கை ட்ரான்சிற் விசா விதியளும் இருக்கு. ரிக்கற் எடுக்க முதல் அதை விசாரியுங்கோ.

காற்றும் ஒரு காரணம். உயரத்தில மேற்கில இருந்து கிழக்குக்கு வேகக் காற்று அடிக்கிறது. அம்மா வரேக்க அது எதிர்க்காற்று. டுபாய்–ரொறன்ரோ 14 மணித்தியாலம் எண்டால் திரும்பிப் போகேக்க பன்னிரண்டரை பதின்மூண்டுதான். நீங்கள் கண்ட நேரங்கள் ஒண்டோட ஒண்டு பொருந்தாததுக்கு இதுவும் காரணம். ஆரோ திரும்பிற விமானத்தைப் பாத்து எழுதியிருப்பினம்.

23, 31 எண்டது விமான நிலையத்தில இருந்து விமான நிலையம், காத்திருப்பும் சேத்து. அம்மாவுக்குச் சொல்லேக்க அதையும் சொல்லாதீங்கோ. படலையில இருந்து படலை வரைக்கும் எண்ணிச் சொல்லுங்கோ. டுபாய் வழியை ஒரு உதாரணத்துக்குப் போட்டுக் காட்டுறன். காலமை 7 மணிக்கு வான் பருத்தித்துறையில வெளிக்கிடுது. நானூறு கி.மீ. சொச்சம், நடுவில நிப்பாட்டிச் சாப்பிட்டு நாலு மணி போல கட்டுநாயக்கா. இரவு எட்டரைக்கு விமானம். டுபாயில அந்த ஊர் நேரம் 11.40-க்கு இறங்கினால், விடிய மூண்டரைக்கு மற்றது. 14 மணித்தியாலம் பறந்து ரொறன்ரோ நேரம் காலமை ஒன்பதரைக்குப் பியர்சன். வெளியில வந்து, 401 நெடுஞ்சாலையால ஸ்காபரோ வீட்டுக்குள்ள காலடி வைக்க மத்தியானம் 12. அப்ப ஊரில இரவு ஒன்பதரை. பறந்தது 18 மணி 40 நிமிஷம். வீட்டில இருந்து வீடு முப்பத்தெட்டரை மணித்தியாலம். இதில பாதி விமானத்திலயே இல்லை.

அம்மா கேட்டதுக்கு மறுமொழி: டுபாய் எண்டால் 14, இஸ்தான்புல் எண்டால் 11.

ஊசிபோடுறவ | ஏப்ரல் 28

மாஸ்ரர் தூரத்தை வடிவாச் சொல்லிப்போட்டார். நான் நேர்ஸ் வேலை செய்யிறன், இன்சுலினைப் பற்றி மட்டும் சொல்லுறன் அக்கா.

மேற்கால வாறபடியால் அம்மாவின்ரை அந்த நாள் 24 மணித்தியாலத்தில முடியாது. யூனில ஊருக்கும் இங்கைக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். அவவுக்கு அது முப்பத்திமூண்டரை மணித்தியால நாள். இரவு 9 மணி ஊசியை எந்த 9 மணிக்குப் போடுறது எண்ட கேள்வி கட்டாயம் வரும். அதை நாங்கள் ஒருத்தரும் இங்கை எழுதித் தீர்க்கக் கூடாது. ரிக்கற் கையில வந்தவுடன கிளினிக் டொக்டரிட்டை நேரங்களைக் கொண்டுபோய்க் காட்டி, எப்ப எவ்வளவு எண்டு ஒரு தாளில எழுதுவிச்சு எடுங்கோ. அவர் எழுதிறது ஊர் நேரத்தில இருக்கட்டும். அம்மா கையில கட்டியிருக்கிற மணிக்கூட்டை வீடு வாற வரைக்கும் மாத்த வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. என்ரை மாமியாருக்கு அப்பிடித்தான் செய்தனாங்கள், ஒரு குழப்பமும் வரேல்லை.

இன்சுலினைப் பெரிய பெட்டிக்குள்ள போடவே கூடாது. கீழ பெட்டியள் அடுக்கிற இடத்தில குளிரில உறைஞ்சால் மருந்து பழுதாப்போகும். கைப்பையில, குளிர்ப்பைக்குள்ள, டொக்டரின்ரை கடிதத்தோட. சீனி இறங்கினால் வாயில போட நாலு இனிப்பும்.

மணித்தியாலத்துக்கு ஒருக்கா இல்லாட்டிலும் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காவாவது எழும்பி நடக்கோணும். கன நேரம் அசையாமல் இருந்தால் காலில இரத்தம் கட்டியாகலாம். நடைபாதைப் பக்கச் சீற்றை இப்பவே கேட்டு எடுங்கோ. வீல்செயாரும் ரிக்கற் போடேக்கயே பதியுங்கோ, நடக்கக்கூடிய ஆள் எண்டாலும்.

காவிரிக்கரை | ஏப்ரல் 28

வணக்கம் அக்கா. நான் திருச்சிக்காரன், பிராம்ப்டன்ல இருக்கேன். சென்னை வழி பத்திக் கேட்டிருந்தீங்க, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

பலாலியிலிருந்து சென்னை 360 கிலோமீட்டருக்குள்ளதான், ஒன்றரை மணி நேரத்துல வந்துடலாம். வேன்ல எட்டு மணி நேரம் போறதைவிட அது சுகம்னு தோணும். ஆனா சென்னையிலிருந்தும் டொராண்டோவுக்கு நேரடி விமானம் கிடையாது. அங்கேயிருந்து திரும்ப லண்டனோ, ஃபிராங்ஃபர்ட்டோ, துபாயோ, டெல்லியோ போய்த்தான் ஏறணும். அம்மாவுக்கு ரெண்டு தடவை மாறுறதாயிடும். அதோட யாழ்ப்பாணம்–சென்னை டிக்கெட்டும் மத்ததும் தனித்தனியா இருந்தா, சென்னையில குடியேற்றச் சோதனை முடிச்சு வெளிய வந்து, பெட்டியை எடுத்துத் திரும்பப் போடணும். அதுக்கு இந்திய விசா வேணும். பலாலிக்கு வர்றது சின்ன ஏடிஆர் விமானம், பெட்டி எடையும் பார்த்துக்கோங்க.

மாஸ்டர் ஐயாவுக்கு ஒரு விஷயம். உங்க நூல் கணக்கைப் பார்த்துட்டு எங்க ஊர் வழியையும் போட்டுப் பார்த்தேன். சென்னை–டொராண்டோ நேர்கோட்டுல 13,390 கி.மீ. சென்னை–டெல்லி–டொராண்டோ கூட்டினா 13,400. டெல்லி அப்படியே நூல் மேல உட்கார்ந்திருக்கு! பத்து வருஷமா அந்த வழியில போய்ட்டு வர்றேன், இதை நினைச்சுக்கூடப் பார்த்ததில்ல. ஆனா 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடினப்போ டெல்லியிலிருந்து மேற்கே போற விமானமெல்லாம் குஜராத், அரபிக்கடல்னு சுத்திப் போக வேண்டியதாச்சு. நூல் அங்கேயே இருந்துச்சு, வழிதான் இல்ல.

தென்மராட்சி மாஸ்ரர் | ஏப்ரல் 28

தம்பி, நல்லாய் இருக்கு. உங்கடை கணக்குச் சரி, நானும் போட்டுப் பாத்தன். அதே மாதிரித்தான் 2022-க்குப் பிறகு கனடா விமானங்களும் ஐரோப்பிய விமானங்களும் ரஷ்யாவுக்கு மேலால போக ஏலாது. வளைகுடா விமானங்கள் போகுது. ஒரே ரெண்டு ஊருக்கு ரெண்டு கொம்பனியின்ரை நேரம் வேற வேறயா இருந்தால் இதையும் நினைக்கவேணும்.

பிள்ளை, என்ன முடிவு?

வடமராட்சிப்பிள்ளை | மே 4

மாஸ்ரர், தங்கச்சி, தம்பி, மூண்டு பேருக்கும் நன்றி. மாஸ்ரரின்ரை எழுத்தை அம்மாவுக்கு ரெலிபோனில முழுக்க வாசிச்சுக் காட்டினனான். நூல் கதையை ரெண்டு தரம் கேட்டவ. “அப்ப அந்தப் பனிக்கு மேலாலயோ வரப்போறன்?” எண்டவ.

இஸ்தான்புல் எண்டுதான் நினைச்சிருந்தனான். ஆனால் பக்கத்து வளவு அக்காவும் அண்ணையும் அதே கிழமை டுபாயால ரொறன்ரோ வருகினம், மகளின்ரை பிள்ளைப்பேறுக்கு. அம்மா ஒரே பிடி. “14 எண்டாலும் இருப்பன், தமிழ் கதைக்க ஒரு ஆள் பக்கத்தில இருந்தால் காணும்.” மாஸ்ரர், உங்கடை சொல்லை மீறுறன், குறை நினையாதீங்கோ. அவையளின்ரை விமானத்திலயே அம்மாவுக்கும் போட்டாச்சு. நடைபாதைப் பக்கச் சீற், வீல்செயார், சலரோகக்காரருக்கான சாப்பாடு எல்லாம் பதிஞ்சாச்சு.

தென்மராட்சி மாஸ்ரர் | மே 4

என்ன குறை, பிள்ளை? தெரிஞ்ச ஆள் பக்கத்தில இருக்கிறது மூண்டு மணித்தியாலத்தைக் குறைச்சுப்போடும். வந்த பிறகு ஒருக்கா எழுதுங்கோ. நேரங்களைக் குறிச்சு வைக்கச் சொல்லுங்கோ.

வடமராட்சிப்பிள்ளை | யூன் 19

அம்மா வந்து மூண்டு நாள். மாஸ்ரர் கேட்டபடி நேரங்கள்.

வான் வெளிக்கிட்டது காலமை 6.40, செல்வச்சந்நிதியில கற்பூரம் கொழுத்திப்போட்டு. புத்தளத்தில மத்தியானச் சாப்பாடு. கட்டுநாயக்கா 3.50. மிச்சம் எல்லாம் நீங்கள் எழுதினதுக்கு ஐஞ்சு பத்து நிமிஷம் முன்ன பின்ன. பியர்சனில வீல்செயாரில வெளியில வரேக்க 10.50. அண்டைக்கு 401 நிறைய வாகனம், வீட்டுப் படியில கால் வைக்க 12.10. ஊர் நேரத்தில கணக்குப் பாத்தால் சரியா 39 மணித்தியாலம். நீங்கள் முப்பத்தெட்டரை சொன்னனீங்கள்.

ஊசி டொக்டர் எழுதின நேரத்துக்கே போட்டவ, பக்கத்து வளவு அக்கா உதவி. மணிக்கூடு நேற்றுக் காலமைதான் மாத்தினது. தங்கச்சி, அந்த ஒரு சொல்லுக்கு உங்களுக்குக் கோடி புண்ணியம்.

முழங்கால் வீங்கித்தான் இருந்தது, ரெண்டாம் நாள் வத்திப்போச்சு. 14 மணித்தியாலத்தில எத்தினை தரம் எழும்பினனீங்கள் எண்டு கேட்டன். சீலைத் தலைப்பை எடுத்துக் காட்டினா. எழும்பி நடந்த ஒவ்வொரு தரமும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறா. ஏழு முடிச்சு. அதை அவிழ்க்க எனக்கு மனம் வரேல்லை, அப்பிடியே மடிச்சு வைச்சிருக்கிறன்.

ஆறாவது முடிச்சில, பின்பக்கத்தில நிண்டு கால் நீட்டேக்க, பணிப்பெண் கதவில இருக்கிற சின்னக் கண்ணாடியால பாக்கச் சொல்லிக் கையைக் காட்டியிருக்கிறா. கீழ வெள்ளை. முகில் எண்டு நினைச்சாவாம், பிறகு நடுவில கறுப்பு மலை நீட்டிக்கொண்டு நிக்கிறது தெரிஞ்சுதாம். திரையில அந்த நேரம் விமானம் நிண்ட இடத்தை அண்ணை பாத்தவர். கிறீன்லாந்தின்ரை தெற்குப் பக்கம். “மணற்காட்டு மணல்மேடு மாதிரிக் கிடந்தது பிள்ளை, கண்ணுக்கு எட்டின மட்டும். ஒரு வீடு இல்லை” எண்டு வாற போற எல்லாருக்கும் சொல்லுறா. மாஸ்ரரின்ரை நூல் போன இடத்துக்குக் கிட்டத்தானே அது?

இப்ப இரவு ரெண்டு மணி. அம்மா நித்திரை இல்லாமல் குசினி மேசையில இருந்து பருத்தித்துறைச் சின்னம்மாவோட ரெலிபோனில கதைக்கிறா. அங்கை பதினொண்டரை, சின்னம்மா மீன் வெட்டிக்கொண்டு நிக்கிறாவாம்.